கண்ணகி நகரிலிருந்து மயிலாப்பூர் எத்தனை காதம்?

ஒரு மார்கழி ஞாயிறு காலை மயிலாப்பூரில் பாரம்பரிய நடை ஒன்றில் கலந்துகொண்டேன். லஸ் முனையில் கூடி, குளத்தைச் சுற்றி, மாடவீதிகளில் நின்று நின்று போய், ஃபில்டர் காபியில் முடியும் நடை. நடத்தியவர் விஷயம் தெரிந்தவர். தாலமியின் நூலில் இந்தத் துறைமுகம் வருவதைச் சொன்னார். போர்த்துகீசியர் காலத்தில் கடலோரக் கோயில் போய் இப்போதைய கோயில் எழுந்ததைச் சொன்னார். 1895இல் ஓடத் தொடங்கி 1953இல் நின்றுபோன டிராமை, ஹைகோர்ட் வக்கீல்களின் பங்களாக்களை எல்லாம் சொன்னார். "கேள்வி இருக்கா?" என்றார். "இந்த வீடுகள்ல சமைக்கிறவங்க, பாத்திரம் தேய்க்கிறவங்க எல்லாம் எங்கேயிருந்து வர்றாங்க? எப்போலேருந்து அங்கேயிருந்து வர்றாங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "அது ஹிஸ்டரியில வராதே மேடம், பஸ் டைம்டேபிள்லதான் வரும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். 18 வருடமாகப் பாடம் நடத்துகிறேன், ஆண்களின் கேலிக்கு மரியாதைக்காகச் சிரித்து வைக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அவர் சொன்னது சரி. பஸ் டைம்டேபிளில்தான் இருக்கிறது. அதையே இந்த ஊரின் வரலாறாகப் படித்தால் என்ன?

ஆங்கிலத்தில் 'கம்யூட்டர்' என்று ஒரு சொல் உண்டு. தமிழில் 'அன்றாடப் பயணி' என்று பாடப்புத்தகத்துக்காக எழுதுவோம், வாயில் வராது. 'வந்து போறவங்க' என்பதுதான் பேச்சு. அந்த ஆங்கிலச் சொல் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க ரயில்வேயில் பிறந்தது. தினமும் வந்து போகிறவர் மொத்தமாகப் பணம் கட்டினால் கட்டணத்தைக் குறைத்துக் கொடுத்தார்கள். அந்தக் குறைப்புச் சீட்டை வைத்திருந்தவர் கம்யூட்டர், நம் ஊரில் சீசன் டிக்கெட்காரர். மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைப்பதற்கும் ஆங்கிலத்தில் அதே வினைச்சொல்தான். ஆக இந்தச் சொல்லின் வேரிலேயே ஒரு சலுகை இருக்கிறது. மாதச் சம்பளம் வாங்கி, மொத்தமாகக் கட்ட முடிந்தவருக்குக் கிடைத்த சலுகை.

லண்டனின் மெட்ரோபாலிட்டன் ரயில்வே தன் பாதையோரத்து ஊர்களுக்கு 1915இல் 'மெட்ரோலாண்ட்' என்று பெயர் சூட்டி, வீடு வாங்க வாருங்கள் என்று ஆட்களைக் கூப்பிட்டது. தோட்டம், நல்ல காற்று, காலையில் நகரத்துக்கு ரயில். கணவன் அந்த ரயிலில் போய் மாலையில் திரும்புவான். அவன் போய் வருவதால் அந்தக் கிராமத்துக்குப் புது அடையாளமே வந்துவிட்டது. பகல் முழுக்க அங்கேயே இருந்து, பாலுக்கும் பள்ளிக்கும் மருத்துவரிடமும் நடந்து நடந்து அந்த ஊரை ஊராக வைத்திருந்தவளின் நடைக்குச் சீசன் டிக்கெட் கிடையாது. ஆகவே பெயரும் கிடையாது. டோரீன் மாஸி என்ற பிரிட்டிஷ் புவியியலாளர், ஒன்பது பத்து வயதில் மான்செஸ்டருக்கு மாடி பஸ்ஸில் போகும்போது ஆற்றங்கரைச் சமவெளி முழுக்கக் கால்பந்து, ரக்பி மைதானங்களாகப் பிரித்து ஆண்பிள்ளைகளுக்குக் கொடுக்கப்பட்டிருந்ததைப் பார்த்ததை எழுதியிருக்கிறார். நிலத்தைப் பார்த்ததுமே 'இது யாருக்கு?' என்று கேட்ட கண் அது. அந்தக் கண்ணை இரவல் வாங்கிக்கொண்டு இங்கே வருகிறேன்.

நமக்கு மெட்ரோலாண்ட் என்றால் மாம்பலம். நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாக மயிலாப்பூர்ப் பக்கம்வரை ஒரு பெரிய ஏரி நீண்டு கிடந்தது. 1920களில், நீதிக்கட்சி ஆட்சியில், அதை வற்றச்செய்து மனை பிரித்தார்கள். தியாகராய நகர் பிறந்தது. பனகல், உஸ்மான், நாயர் என்று தெருப்பெயர்களைப் படித்துக்கொண்டே நடந்தால் ஒரு கட்சியின் ஆண்கள் பட்டியல் மனப்பாடமாகிவிடும். ஏரி மட்டும் மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பெயரில் பாக்கி இருக்கிறது. 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார வண்டி ஓடத் தொடங்கியதும், வழியிலிருந்த கிராமங்கள் ஒவ்வொன்றாக 'ஆபீஸ் போகிறவர்களின்' ஊராயின. டிபன் டப்பாவும் சீசன் டிக்கெட்டுமாக ஓடிவந்து வண்டி பிடிக்கும் குமாஸ்தா தமிழ்ச் சிறுகதைக்குள் ஏறி உட்கார்ந்தார், இன்னும் இறங்கவில்லை. அந்த டப்பாவை நாலரை மணிக்கு எழுந்து கட்டியவள் கதையில் அடுப்படியிலேயே நின்றாள். அவளுக்கு எச்சில் பாத்திரம் தேய்த்துக் கொடுக்க வந்தவள் கதைக்குள்ளேயே வரவில்லை. வந்தாலும் கொல்லை வழியாகத்தான்.

இதை இலக்கியத்தின் குறை என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது. அரசாங்கத்தின் கணக்கும் இப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வேலைக்கு எவ்வளவு தூரம் போகிறீர்கள், எதில் போகிறீர்கள் என்று கேட்டார்கள். யாரை? 'வேலை செய்பவர்' என்ற பட்டியலில் வருகிறவரை. அதிலும் விவசாயிகளையும் விவசாயக் கூலிகளையும் வீட்டுத்தொழில் செய்கிறவர்களையும் விட்டுவிட்டு. வீட்டுவேலை மட்டும் செய்கிற பெண் அந்தப் பட்டியலில் 'வேலை செய்யாதவர்'. தண்ணீருக்கும் ரேஷனுக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவள் நடக்கும் தூரத்தைக் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கட்டம்கூட இல்லை.

மயிலாப்பூரின் பெயர்க்கதையே ஒரு தண்டனைதானே. சிவன் உபதேசம் செய்துகொண்டிருக்கும்போது பார்வதியின் கண் ஆடும் மயில் பக்கம் போயிற்று. வகுப்பில் கவனம் சிதறிய அந்த ஒரு நொடிக்கு மயிலாகப் போகச் சாபம். என் மாணவிகளுக்கு நான் இப்படித் தண்டனை கொடுத்தால் கல்லூரியே தோகை விரித்து ஆடும். இந்த ஊரின் இன்னொரு புகழ்பெற்ற பெண் பூம்பாவை, பாம்பு கடித்து இறந்து, சம்பந்தர் பாடக் குடத்துச் சாம்பலிலிருந்து எழுந்தவள். மயிலாப்பூர் கொண்டாடும் பெண்கள் ஒன்று பறவையாக வேண்டும், இல்லை சாம்பலாக வேண்டும். கால் வலிக்க நடந்து வருகிறவளுக்குத் தலபுராணம் கிடையாது.

இனிக் கால்வாய்க்கு வருவோம். மயிலாப்பூரை ஒட்டி ஓடும், ஓடுவதாகச் சொல்லப்படும், பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் துண்டு 1876–78 தாது வருஷப் பஞ்சத்தின்போது வெட்டப்பட்டது. பஞ்ச நிவாரண வேலை. பசித்தவர்கள் மண் சுமந்து வெட்டிய கால்வாய்க்கு அப்போதைய கவர்னரான பக்கிங்காம் பிரபுவின் பெயர் வைத்தார்கள். பிற்பாடு அதன் கரையில் கூலிக்காரர்களும் மீனவர்களும் வீட்டுவேலை செய்கிறவர்களும் குடிசை போட்டு வாழ்ந்தார்கள், மூன்று நான்கு தலைமுறையாக. 1990களில் அதே கால்வாயின் நடுவில் கான்கிரீட் தூண்களை இறக்கிப் பறக்கும் ரயில் விட்டார்கள். 1997இல் அது திருமயிலை வந்தது, 2007இல் வேளச்சேரி போனது. கால்வாயின் நெஞ்சில் நிற்கும் தூணுக்குப் பெயர் 'வளர்ச்சி'. கரையில் இருந்த குடிசைக்குப் பெயர் 'ஆக்கிரமிப்பு'. ஏரியையே மூடி எழுந்த தியாகராய நகருக்கோ பெயர் 'நகரத் திட்டம்'. தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள் என்ற முறையில் சொல்கிறேன், இந்த மூன்று சொல்லுக்கும் அகராதியில் பொருள் தேடாதீர்கள். பட்டா யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள்.

கரையிலிருந்தவர்கள் எங்கே போனார்கள்? தெற்கே. பழைய மகாபலிபுரம் சாலையில், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் ஓரத்தில், ஒக்கியம் துரைப்பாக்கம் என்றொரு கிராமம். அங்கே 2000ஆம் ஆண்டு முதல் குடிசை மாற்று வாரியம் ஆட்களைக் கொண்டுபோய் இறக்கியது. பதினைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், ஒரு குடும்பம் முழுக்க ஓர் அறையில். அதற்கும் தெற்கே செம்மஞ்சேரி. பிறகு பெரும்பாக்கத்தில் எட்டடுக்குக் கட்டடங்கள். நீர்நிலையைக் காப்பாற்றத்தான் உங்களை அகற்றுகிறோம் என்று சொல்லி, சதுப்பு நிலத்தின் ஓரத்திலேயே கொண்டுபோய் வைத்தார்கள். 2015 வெள்ளத்தில் செம்மஞ்சேரி மூழ்கியது. 1970இல் தொடங்கிய அந்த வாரியத்தின் பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். பெயர் மாறியது நல்லதுதான். தூரம் மாறவில்லை. 2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரத்தில் உச்ச நீதிமன்ற உத்தரவின்பேரில் கால்வாயோர வீடுகளை இடித்தபோது ஒருவர் தீக்குளித்து இறந்தார். என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். அன்று நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன்.

துரைப்பாக்கத்துக் குடியிருப்புக்கு வைத்த பெயர் கண்ணகி நகர். இந்தப் பெயரை வைத்தவர் சிலப்பதிகாரம் படித்திருந்தாரா, படித்தபிறகும் வைத்தாரா என்று எனக்கு நெடுநாள் சந்தேகம். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் எழுந்த கண்ணகி சிலை 2001 டிசம்பரில் அகற்றப்பட்டது, 2006இல் திரும்ப வைக்கப்பட்டது. சிலைக் கண்ணகி ஐந்து வருடத்தில் கடற்கரைக்குத் திரும்பிவிட்டாள். அவள் பெயர்கொண்ட ஊருக்கு அனுப்பப்பட்டவர்கள் திரும்பவில்லை.

நாடுகாண் காதையில் ஓர் இடம் வரும். வகுப்பில் அதை நடத்தும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். புகாரை விட்டுக் கொஞ்ச தூரம்கூடப் போயிருக்க மாட்டார்கள். நடந்து பழகாத கண்ணகி மூச்சு வாங்கிக்கொண்டு, மதுரை எங்கே இருக்கிறது என்று கேட்கிறாள். கோவலன் சொல்லும் தூரம் முப்பது காதம். ஆனால் அதை ஆறும் ஐந்துமாகக் காதில் விழுகிற மாதிரி சொல்லி, பக்கம்தான் என்று சிரிக்கிறான். உரைகள் இதைக் கோவலனின் அன்பாகப் படிக்கலாம். நானும் பல வருடம் அப்படித்தான் நடத்தினேன். இப்போது அப்படி நடத்த முடியவில்லை. நடக்கப் போகிறவளிடம் தூரத்தை மறைக்கும் சிரிப்பு அது. பாரம்பரிய நடையில் கேட்ட சிரிப்பும் அதன் வம்சம்தான். வீட்டை இடித்த கையோடு 'பக்கம்தான்மா, பஸ் இருக்கு' என்று சொல்லப்படுவதும் அதன் வம்சம்தான்.

கண்ணகி நகரிலிருந்து மயிலாப்பூர் 15 கிலோமீட்டர் போல. பெரும்பாக்கத்திலிருந்து 20ஐத் தாண்டும். ஐ.டி. கம்பெனிக்காரர்களுக்கு இது தூரமே இல்லை, அவர்கள் எதிர்த்திசையில் ஏ.சி. வண்டியில் போகிறார்கள். 'அடையாறிலிருந்து இருபதே நிமிடம்' என்று அடுக்குமாடி விளம்பரம் சொல்வது அவர்களிடம். ஒரே சாலை, ஒரே காலை. தெற்கே போகிறவருக்கு அது 'ஐ.டி. காரிடார்'. வடக்கே வருகிறவளுக்கு நாற்பது நிறுத்தம்.

என் வீட்டுக்கு வரும் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் இருக்கும் குடியிருப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த முகவரியைக் கேட்டாலே வேலை தர யோசிக்கிறவர்கள் இந்தப் புத்தகத்தையும் படிக்கலாம். முன்பு அவர் கால்வாய்க் கரையில் இருந்தார், எங்கள் தெருவுக்குப் பத்து நிமிட நடை. காலையில் மூன்று வீடு, பதினொன்றரைக்குப் போய்ப் பிள்ளைக்குச் சோறு போட்டு, தண்ணீர் பிடித்து, கொஞ்சம் முதுகைச் சாய்த்து, மூன்றரைக்குத் திரும்பி வந்து மூன்று வீடு. வீட்டுவேலை என்கிற தொழிலின் சூட்சுமமே இந்த இரண்டு வேளைதான். அது பக்கத்தில் குடியிருந்தால் மட்டுமே நடக்கும். இடம் மாற்றப்பட்டு ஏழு வருடம் ஆகிறது. ஒருநாள் அவரே கணக்குச் சொன்னார்.

"அங்க இருந்தப்ப ரெண்டு வேளையும் ஓடியாடி ஆறு வூடு பாத்தேன் டீச்சர். இப்ப மூணு. மூணு வூட்டுக்காக நாலு மணி நேரம் பஸ்ஸுலயே போவுது. அதுக்குக் காசு யாரு குடுக்குறது?"

யாரும் கொடுப்பதில்லை. மத்தியானம் திரும்பிப் போக முடியாததால் இடைப்பட்ட நேரத்தை அவர் எங்கே கழிக்கிறார் என்று எனக்கு ஒரு வருடம்வரை தெரியாது, கேட்கவும் இல்லை. கோயில் மண்டபத்தில், வெயில் இல்லாவிட்டால் பூங்காவில். ஓர் அடுக்குமாடியின் படிக்கட்டில் உட்கார்ந்ததற்காக அந்தச் சங்கம் அறிவிப்புப் பலகை வைத்தது: 'பணிப்பெண்கள் படிகளில் அமரக் கூடாது'. கழிவறை? இந்தக் கேள்வியைப் படிக்கிற பெண்கள் தங்கள் வீட்டில் வேலை செய்கிறவர் எந்தக் கழிவறையைப் பயன்படுத்துகிறார் என்று ஒரு நொடி யோசித்துவிட்டு மேலே படிக்கலாம். அக்கா காலையில் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார். சிறுநீர்த் தொற்று வந்தது. அதற்கு ஒரு நாள் லீவு கேட்டபோது நான் முகம் சுளித்தேன். தேர்வு நேரம் என்று காரணம் வைத்திருந்தேன்.

அவர் பெண் பத்தாம் வகுப்பு முடித்ததும் படிப்பை விட்டாள். அம்மா விடியற்காலை ஐந்து மணிக்குப் போய் இருட்டியபிறகு வருகிறாள் என்றால் தம்பிக்கும் தாத்தாவுக்கும் சோறு யார் ஆக்குவது? 20 கிலோமீட்டர் என்பது சாலையில் மட்டும் நீளவில்லை. அது ஒரு சிறுமியின் பள்ளிக்கூடத்துக்குள் நீண்டுபோய் அவளை வெளியே இழுத்துக்கொண்டு வந்தது. இடமாற்றத் திட்டங்களில் ஆணின் வேலை போவது குறைந்தபட்சம் 'வாழ்வாதார இழப்பு' என்று அறிக்கையில் ஏறும். பெண்ணின் மத்தியான நேரம் போனதற்கு எந்த அறிக்கையில் என்ன தலைப்பு?

2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று அரசு அறிவித்தது. இதை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். வெள்ளை போர்டு பஸ்ஸுக்காக இரண்டு சொகுசுப் பஸ்ஸை விட்டுவிட்டு நிற்கும் பெண்களை 'ஓசி டிக்கெட்' என்று முணுமுணுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சீசன் டிக்கெட்டும் சலுகைதான், ஐயா. அதை 90 வருடமாக உங்கள் அப்பாவும் தாத்தாவும் சட்டைப்பையில் வைத்திருந்தபோது யாரும் ஓசி என்று சொல்லவில்லை. 'கம்யூட்டர்' என்ற சொல்லுக்கு உண்மையாகப் பொருந்துகிறவர்கள் இன்றைக்கு இந்தப் பெண்கள்தான். அதே சமயம் ஒன்றை மறைக்கவும் முடியாது. வீட்டை 20 கிலோமீட்டர் தள்ளி வைத்துவிட்டு டிக்கெட்டை இலவசமாகக் கொடுப்பது பாதி நியாயம். பஸ்ஸில் போவது காசு மட்டுமில்லை, ஆயுள். இப்போது மயிலாப்பூரைத் தோண்டிக் கட்டும் மெட்ரோ அடையாறு, துரைப்பாக்கம் வழியாகத் தெற்கே போகப் போகிறது. கால்வாய்க்காரர்கள் அனுப்பப்பட்ட அதே பாதை. பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணத்தை அதில் நீட்டிப்பது பற்றிப் பேச இப்போதே நேரம். திறப்பு விழாவுக்குப் பிறகு பேசினால் பாரம்பரிய நடையில்தான் பேச வேண்டியிருக்கும்.

பெண்ணியம் பேசுகிற நாமும் தப்ப முடியாது. 'பொதுவெளியில் பெண்' என்று கருத்தரங்குகள் நடத்தியிருக்கிறோம். இரவில் தனியாக நடக்கும் உரிமை, தேநீர்க் கடையில் உட்காரும் உரிமை. நானே கட்டுரை வாசித்திருக்கிறேன். கருத்தரங்குக்குப் போன அன்று என் வீட்டில் பாத்திரம் கிடக்கவில்லை என்பதால்தான் போக முடிந்தது. முனைவர் பட்ட ஆய்வை முடித்த அத்தனை வருடமும் என் பாத்திரத்தைத் தேய்த்தது யார் கை? நன்றியுரையில் நெறியாளர் பெயர் இருக்கிறது, நூலகர் பெயர் இருக்கிறது, கணவர் 'பொறுத்துக்கொண்டதற்கு' நன்றி இருக்கிறது. அக்கா பெயர் இல்லை. வீட்டுக்குள்ளிருந்து நான் வெளியே வந்த பாதையும், ஊருக்குள்ளிருந்து அவர் வெளியே தள்ளப்பட்ட பாதையும் ஒரே காலத்தில் போடப்பட்டவை. என் கல்லூரிக்கு ஆட்டோவில் 15 நிமிடம்.

தமிழ்நாட்டில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு 2007 முதல் நலவாரியம் இருக்கிறது. 2011இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வீட்டுவேலைத் தொழிலாளர்களுக்கென்று ஓர் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை. அரசு செய்யட்டும், வலியுறுத்துவோம். அதுவரை நம் வீட்டு வாசலில் தொடங்கும் சம்பளக் கடிகாரத்தை அவர் பஸ் ஏறும் நிறுத்தத்துக்குத் தள்ளி வைப்பதற்கு யார் கையெழுத்து வேண்டும்? எங்கள் அடுக்குமாடிக் கூட்டத்தில் இதைக் கேட்டேன். பயண நேரத்தில் பாதிக்காவது மூன்று வீட்டுக்காரர்களும் பகிர்ந்து கொடுப்போம், தரைத்தளத்துக் கழிவறையைத் திறந்து வைப்போம், மத்தியானம் உட்கார ஒரு மின்விசிறியும் பாயும் போடுவோம் என்றேன். ஒரு மாமி, "நீங்க ரேட்டை ஏத்திவிட்டா நாங்க என்ன பண்றது?" என்றார். ஓய்வுபெற்ற ஒருவர், தான் தாம்பரத்திலிருந்து 31 வருடம் ரயிலில் வந்து போனதையும், அதற்கு யாரும் காசு கொடுக்கவில்லை என்பதையும் சொன்னார். பயணப்படி வாங்கவில்லையா சார் என்று கேட்டேன். கூட்டம் அடுத்த விஷயமான கார் நிறுத்தத்துக்குப் போய்விட்டது. கழிவறை திறந்தது, பாய் வரவில்லை.

என் வீட்டில் மட்டும் அந்த மாதத்திலிருந்து பயணத்துக்கும் சேர்த்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது, மறைக்கவில்லை. அக்கா எண்ணிப் பார்த்துவிட்டு, முந்தானையில் முடிந்துகொண்டு சொன்னார்:

"ஏழு வருசம் ஆச்சே டீச்சர். பழைய பாக்கிய எப்பக் குடுப்பீங்க?"